நிற்பதற்கும் ஒரு செருப்பு வேண்டும்

காரைக்குடியில் ஒரு வீட்டுப் பெரியவர் விழுந்துவிட்டார் என்றால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். தலை சுற்றியதா? பிரஷர் மாத்திரை போட்டாரா? சர்க்கரை இறங்கிவிட்டதா? தரை ஈரமாக இருந்ததா? பக்கத்தில் யாரும் இல்லையா? எல்லாம் கேட்க வேண்டியவைதான். காலில் என்ன போட்டிருந்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரி கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது இருப்பதில்லை. எந்த எலும்பு, எந்த இடத்தில் முறிவு, என்ன பிளேட், எத்தனை வாரம் கால் ஊன்றக் கூடாது என்று எல்லாம் எழுதியிருக்கும். விழுந்த நேரத்தில் வெறுங்காலா, செருப்பா, செருப்பென்றால் எப்படிப்பட்டது என்று ஒரு வரி இருக்காது.

நான் இந்த ஊரில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் இரண்டு கூட்டம் பெரிது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்தபடி வருகிற ஆச்சிகளும் அய்யாக்களும் ஒரு கூட்டம். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பாத்திரக்கடையிலும் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நின்று வேலை பார்க்கிற பெண்கள் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு வயது வித்தியாசம் இருக்கும். ஆனால் இவர்கள் எதன்மேல் நிற்கிறார்கள், எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை இரண்டு பக்கத்திலும் யாரும் யோசிக்கவில்லை. முள்ளுக்கும் கல்லுக்கும் வெயிலில் கொதிக்கிற தார் ரோட்டுக்கும்தான் செருப்பு என்று முடிவு கட்டி, அதை வாசலோடு நிறுத்திவிட்டோம். உள்ளே போனபின் கால் எப்படியோ பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். விழுவதும் உள்ளேதான், கால் வீங்குவதும் உள்ளேதான். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் நிற்பதற்கென்று சரியான காலணி வேண்டும், அதற்கு வீட்டு வழக்கமும் கடை விதியும் கொஞ்சம் இளக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிற்பது சும்மா இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து, அரை நிமிடம் நின்று பாருங்கள். உடம்பு மெல்ல முன்னும் பின்னும் ஆடுவது தெரியும். நம் உடல் எடை இறங்குகிற கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. ஆகவே நாம் எப்போதும் முன்பக்கம் சாயப் பார்க்கிறோம். கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு சாய்ந்தோம், எந்தப் பக்கம் சாய்ந்தோம் என்ற தகவல் மூளைக்கு மூன்று வழியில் போகிறது: கண், உட்காது, பிறகு பாதமும் மூட்டுகளும். பாதத்தின் தோலில் அழுத்தத்தையும் வழுக்கலையும் உணர்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. கென்னடி, இங்கிலிஸ் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிப்பட்ட 104 உணர்விகளை ஒவ்வொன்றாக ஊசி மின்முனை வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அவை ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுக்கப் பரவிக் கிடந்தன. குதிகால், வெளி ஓரம், விரல் நுனி என்று எந்தப் பக்கம் எடை நகர்ந்தாலும் அங்கிருந்து சேதி போகும்.

வயதானால் கண் மங்குகிறது, உட்காதும் தளர்கிறது. இரவில் விளக்குப் போடாமல் பாத்ரூமுக்கு எழுந்தால் கண்ணின் உதவி சுத்தமாக இல்லை. அந்த நேரத்தில் மிச்சமிருப்பது பாதம் ஒன்றுதான். அந்தப் பாதத்துக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

வருகிறவரின் காலைப் பார்ப்பதற்கு முன்னால், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் ரப்பர் ஹவாய் செருப்பு. குதிகால் பக்கம் வெளி ஓரம் தேய்ந்து சரிந்திருக்கும். கட்டைவிரல் அழுத்திய இடத்தில் குழி விழுந்திருக்கும். அடியிலிருந்த வரிகள் மழுங்கி மொழுமொழுவென்று ஆகியிருக்கும். வார் ஒருமுறை பிய்ந்து, அடியில் ஊக்கு குத்தி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே போகிற செருப்பு பழசானதும் அதை வீட்டுக்கும் பின்கட்டுக்கும் என்று ஒதுக்குவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதாவது, தரை வழுக்குகிற இடத்துக்கு அடி தேய்ந்த செருப்பு.

பிறகு அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்வேன். நான் பார்ப்பது விரல்களை. பின்பக்கம் பிடிப்பில்லாத செருப்பு காலை விட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் விரல்கள் மடங்கி அதைக் கவ்வ வேண்டும். நடக்கையில் மட்டும் என்றில்லை, சும்மா நிற்கையிலும் கவ்வுகிறார்கள். பல வருடப் பழக்கம், அவர்களுக்கே தெரியாது. உடம்பு முன்னால் சாயும்போது தரையில் அழுந்தி நிறுத்த வேண்டியவை இந்த விரல்கள். அவை செருப்பைக் காப்பாற்றுகிற வேலையில் இருக்கின்றன. "ஆச்சி, இங்க பாருங்க" என்று பின்னாலிருந்து கூப்பிட்டால் ஆச்சி திரும்புகிறார். கால் திரும்புகிறது, செருப்பு திரும்புவதில்லை. குதிகால் பாதி செருப்பிலும் பாதி தரையிலுமாக நிற்கிறது. இதை என் அறையிலேயே, கை கொடுத்துப் பிடித்தபடி, திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வீட்டில் அந்தக் கை இருக்காது.

வீடும் லேசுப்பட்டதல்ல. செட்டிநாட்டு வீட்டின் அழகைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதில் வயதானவர் ஒருவர் தனியாக நடமாடுவது எப்படியிருக்கும் என்று எழுதியவர் குறைவு. திண்ணையில் ஏறி, முகப்பைத் தாண்டி, வளவுக்குள் வந்து, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போகப் போக ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி. வானம் பார்த்த முற்றத்துக்கு ஒரு படி இறக்கம். மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் விழும். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுக் கையால் செய்து, சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. ஆள் நடமாட நடமாட மெருகு ஏறும். உலர்ந்திருக்கும்போது வெறுங்காலுக்கு அது குளிர்ச்சியாக, நன்றாகப் பிடிமானமாகவே இருக்கும். எண்ணெய்க் குளியல் நாளில், துடைத்துவிட்டுப் போன ஈரத்தில், அடி தேய்ந்த ரப்பர் செருப்போடு அதில் கால் வைப்பது வேறு கதை. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்க, அத்தனை கட்டு வீட்டில் ஒருவரோ இருவரோ இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். விழுந்தால் சத்தம் தெருவுக்குக் கேட்காது.

"அப்படியானால் செருப்பே வேண்டாம், வெறுங்காலோடு இருக்கச் சொல்லலாமே" என்று கேட்பார்கள். வெறுங்காலின் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரையிலான 2,300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வு உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காலணி போட்ட பிள்ளைகளில் தட்டைப்பாதம் 8.6 சதவீதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களுக்குத்தான் அதிகம். செருப்புப் போட்டவர்களுக்குக் குறைவு. வெறுங்காலில் நடந்து தடித்துப்போன தோலுக்கு உணர்ச்சி மழுங்கிவிடும் என்ற எண்ணமும் தவறு. கென்யாவில் வெறுங்காலோடு வாழ்கிறவர்களைச் சோதித்து 2019இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, தோல் தடிப்பதால் அடிப்பாதத்தின் உணர்திறன் குறைவதில்லை என்று காட்டியது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிவரை காவடியைத் தோளில் வைத்து வெறுங்காலில் நடக்கிற நகரத்தார்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அறுபதைத் தாண்டியவர்கள் அந்தப் பாரத்தோடு கல்லிலும் மண்ணிலும் தடுமாறாமல் போவார்கள். நல்ல பாதத்தின் திறமை அது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் பகுதி முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2004இல் வந்தது. வெறுங்காலோடும் வெறும் சாக்ஸோடும் இருந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், கேன்வாஸ் ஷூ போன்றவை அணிந்தவர்கள் குறைவாக விழுந்தார்கள் என்றது. பாஸ்டனில் 2010இல் வெளிவந்த ஆய்வில், வீட்டுக்குள் விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த நேரத்தில் வெறுங்காலோடோ, சாக்ஸோடோ, வீட்டுச் செருப்போடோ இருந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ஷூவுக்குள் இருந்த கால்களின் கணக்கு அது. அதை அப்படியே நம் ஆச்சிகளின் காலில் ஏற்றிப் பார்க்க முடியாது. என் தீர்மானம் இது: பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருக்கிறது, தரை உலர்ந்திருக்கிறது, நிற்கிற நேரம் குறைவு என்றால் வெறுங்கால் குறைந்ததல்ல. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் காலணி வேண்டும்.

உணர்ச்சி இருக்கிறதா என்பதை யார் சொல்வது? சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நாங்கள் ஒரு நைலான் இழையால் சோதனை செய்வோம். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும்படி செய்த இழை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கட்டைவிரலின் அடியிலும் முன்பாதத்தில் சில இடங்களிலும் அதைத் தொட்டு எடுக்க வேண்டும். தொட்டதும் 'ம்' என்று சொல்ல வேண்டும். இழை வளைகிறது, அடுத்த இடத்துக்குப் போகிறேன், அங்கேயும் வளைகிறது, அவர் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்பவர்கள் உண்டு. நடந்து வருகிற வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்பவர்களும் உண்டு. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023இல் கணித்தது. தமிழ்நாட்டின் விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம். இத்தனை பேரில் வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தில் இழை வைத்துப் பார்க்கப்படுகிறவர்கள் எவ்வளவு பேர்? ரத்தம் எடுத்துக் கொடுக்கச் சளைக்காத நாம் சாக்ஸைக் கழற்றிக் காட்டத் தயங்குகிறோம். காவடி எடுக்கிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வேண்டுதலை யாரும் விட வேண்டாம். மாலை போடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொண்டு, உணர்ச்சி குறைந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

உணர்ச்சியற்ற பாதத்துக்குக் காலணி செய்வதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் ஒரே இடம் திரும்பத் திரும்ப அழுந்திப் புண்ணாகிறது என்று எடுத்துக்காட்டினார். அழுத்தத்தைப் பரப்புகிற காலணி இருந்தால் கால் பிழைக்கும் என்ற வழி அங்கிருந்து பிறந்தது. வேலூருக்குப் பக்கத்திலுள்ள கரிகிரி மருத்துவமனையில் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்புகள் உருவாகிப் பரவின. இன்று மருந்துக்கடை ஓரமாக 'எம்.சி.ஆர். செருப்பு' என்று தொங்குவது அதன் வழிவந்ததுதான். சர்க்கரை நோயாளிக்கு அதை எழுதிக்கொடுக்கும்போது பின்வார் உள்ளதாக வாங்குங்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்வார் மட்டும் உள்ளதையே கடைக்காரர் எடுத்து நீட்டுவார்.

இங்கே இன்னொரு நம்பிக்கையோடும் நான் சண்டை போட வேண்டியிருக்கிறது. குதிகால் வலி, முட்டி வலி என்று வந்தவர்கள் எல்லாரும் மெத்தென்று இருக்கிற செருப்பைத் தேடுகிறார்கள். கையால் அமுக்கிப் பார்த்து, விரல் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்ல செருப்பு என்று வாங்குகிறார்கள். கடைகளில் அதற்கு 'டாக்டர் செருப்பு' என்றே பெயர் வந்துவிட்டது. மெத்தையின்மேல் நின்று பார்த்த குழந்தைக்குக்கூடத் தெரியும், அங்கே நிலையாக நிற்க முடியாதென்று. மாண்ட்ரியலில் ராபின்ஸும் உடன் பணியாற்றியவர்களும் வயதான ஆண்களை வெவ்வேறு அடிப்பாகம் கொண்ட ஷூக்களைப் போட்டுக் குறுகிய கட்டையின்மேல் நடக்கவைத்துச் சோதித்தார்கள். 1992இல் வந்த அந்த ஆய்வில், மெல்லிய கெட்டியான அடிப்பாகத்தோடு சமநிலை நன்றாக இருந்தது, தடித்த மெத்தென்ற அடிப்பாகத்தோடு மோசமானது. ஷூ போட்டவர்களோ மெத்தென்றதுதான் சுகம் என்றார்கள். சுகமாக இருப்பதும் உறுதியாக நிற்பதும் வேறு வேறு. குதிகால் வலிக்குக் கொஞ்சம் மெத்து வேண்டும்தான். பாதம் படுகிற மேல்பக்கத்தில் விரலளவுகூட இல்லாத மெல்லிய மெத்து போதும். தரையைத் தொடுகிற அடிப்பாகம் கெட்டியாக, வரிகளோடு இருக்க வேண்டும். நடுவில் பிடித்து முறுக்கினால் துணி மாதிரி முறுக்கிக்கொள்கிற செருப்பு எழுபது வயதுக் காலுக்கு ஆகாது.

ஹீல்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததே. குதிகால் உயர்ந்தால் எடை முன்பாதத்துக்கு வருகிறது, உடம்பு முன்னால் சாயாமலிருக்க முட்டியையும் இடுப்பையும் முதுகையும் மாற்றி நிறுத்திக்கொள்கிறது, தரையில் படுகிற பரப்பும் சுருங்குகிறது. நிச்சயதார்த்தத்துக்கும் ரிசப்ஷனுக்கும் மணமகள் அதைப் போட்டுக்கொண்டு மேடையில் மணிக்கணக்கில் நிற்கிறாள். தரைவரை புரளும் பட்டுக்குள் காலணி யாருக்கும் தெரியப்போவதில்லை. போட்டோ எடுத்து முடிந்ததும் தட்டையான ஒன்றை மாற்றிக் கொடுக்கத் தோழி ஒருத்தியை ஏற்பாடு செய்தால் போதும்.

துணிக்கடைக்கு வருகிறேன். அங்கே நிலைமை தோழி தீர்க்கிற அளவில் இல்லை. காரைக்குடியில் செக்காலை ரோட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கிற கடைகளில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று தீபாவளிச் சமயத்தில் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிறவர்கள். கிரானைட் அல்லது வழுவழுப்பான டைல்ஸ் தரை, மேலே ஏசி. சில கடைகளில் கவுன்டருக்குள் செருப்புப் போடக் கூடாது. காலையில் சாம்பிராணி போட்டு, சாமி கும்பிட்டுத் திறக்கிற இடம், சேலை விரிக்கிற இடம் என்பது காரணம். வேறு சில கடைகளில் யூனிஃபார்மோடு குதி உயர்ந்த கறுப்பு ஷூ கட்டாயம், பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காக. ஒன்றில் குளிர்ந்த கல்லின்மேல் வெறுங்கால், மற்றொன்றில் இறுக்கிய விரல்கள். வெறுங்காலுக்கு நான் மேலே சொன்ன நல்ல வார்த்தைகள் எதுவும் இங்கே செல்லாது. வயலிலும் வீட்டிலும் வெறுங்காலில் இருக்கிறவள் நடக்கிறாள், குனிகிறாள், உட்காருகிறாள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலின் ரத்தம் மேலே போகிறது. கவுன்டருக்குள் அவள் நான்கடி இடத்தில் அசையாமல் நிற்கிறாள். ரத்தம் கீழே தேங்குகிறது, சாயங்காலத்துக்குள் கொலுசு இறுகுகிறது. சில வருடத்தில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கிறது.

அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்கவே வேண்டாம். ஒரு காலில் முழு எடையும், மற்ற கால் சற்று முன்னே, இடுப்பு ஒரு பக்கம் தள்ளி, கவுன்டர் விளிம்பில் தொடையைச் சாய்த்து. கொஞ்ச நேரத்தில் கால் மாற்றிக்கொள்வார்கள். வாடிக்கையாளர் வந்ததும் நிமிர்வார்கள். கீழ் ரேக்கிலிருந்து துணிக்கட்டை எடுக்க முட்டியை மடக்காமல் முதுகை வளைப்பார்கள், ஏனென்றால் மடக்கினால் முட்டி வலிக்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அறுபது வயது இடுப்பு வலி வந்த கதை இதுதான். அவளிடம் நான் கற்றுக்கொடுக்கிற பயிற்சிகளைக் கடையில் செய்ய இடமும் இல்லை, நேரமும் இல்லை.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்து, தி.நகர் துணிக்கடைகளில் நின்றே தேய்கிற பிள்ளைகளின் வாழ்க்கையை ஊரே பார்த்தது. சட்டம் வர இன்னும் பதினோரு வருடம் ஆனது. கேரளத்தில் கோழிக்கோட்டு விஜியும் அவர் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பும் உட்காரும் உரிமைக்காகப் போராடி, 2018இல் அங்கே சட்டத் திருத்தம் வந்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. நான் மனமார வரவேற்ற சட்டம் அது. ஸ்டூல் வாங்கிப் போட்ட முதலாளிகள் இங்கே உண்டு. அதில் துணிப் பண்டலை அடுக்கி வைத்திருக்கிற கடைகளும் உண்டு. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று சொல்லாத பெண்ணை நான் பார்த்ததில்லை. சட்டம் ஸ்டூலோடு நின்றுவிட்டது. உட்காராத நேரத்தில், அதாவது நாளின் பெரும்பகுதியில், காலுக்குக் கீழே என்ன என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை விதிகளைத் தொடும்போது இரண்டு வரி சேர்க்கலாம்: நின்று வேலை செய்கிற இடத்தில் வெறுங்காலையும் குதி உயர்ந்த காலணியையும் கட்டாயமாக்கக் கூடாது, கவுன்டருக்குள் கெட்டியான ரப்பர் விரிப்புப் போட வேண்டும். அந்த விரிப்பு நரம்புச் சுருட்டலைக் குணமாக்காது. கால் அசதியைக் குறைக்கும். ஒரு கவுன்டருக்கு அதற்கு ஆகிற செலவு, ஜன்னல் பொம்மைக்குக் கட்டுகிற ஒரு பட்டுச் சேலைக்கு வராது.

சாமி கும்பிடுகிற இடம், லட்சுமி வாசம் செய்கிற இடம் என்ற தடை கடைக்கும் உண்டு, வீட்டுக்கும் உண்டு. அந்த உணர்வை நான் மதிக்கிறேன், என் வீட்டிலும் சாமி அறைக்குள் காலணி கிடையாது. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கினால் பாதக்குறடு கண்ணில் படும். மரத்தில் கடைந்து, கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே குமிழ் வைத்தது. நம் பெரியவர்கள் தள்ளி வைத்தது தோலையும் தெருவின் அழுக்கையும்தான். ஆசாரம் பார்த்தவர்களே மரத்தைக் காலில் போட்டு நடந்தார்கள். இன்று வீட்டுக்குள் போடச் சொல்கிற காலணியில் தோல் இல்லை. அது தெருவில் கால் வைக்கப்போவதும் இல்லை. வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி, வளவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கடையில் ஊழியர்களுக்கென்று ஒரு ரேக் வைத்து, உள்ளே போடுவதை அங்கேயே விட்டுப் போகச் சொல்லலாம். தாத்தாவின் பாதக்குறட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமைப்படுகிற வீட்டில், ஆச்சிக்கு ஒரு ஜோடி ரப்பர் காலணியை உள்ளே விடுவதற்கு என்ன தடை இருக்க முடியும்?

அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும், எலும்பு முறிவோடு வருகிற முதியவரின் கேஸ் ஷீட்டில் 'விழும்போது காலில்' என்று ஒரு கட்டம் சேருங்கள். வெறுங்கால், ஹவாய், பின்வார் உள்ளது, ஷூ என்று டிக் அடிக்க ஒரு நிமிடம் ஆகாது. ஒரு வருடம் சேர்த்தால் சிவகங்கை மாவட்டத்தின் தரைக்கும் காலுக்கும் உரிய கணக்கு நம் கையிலேயே இருக்கும். பாஸ்டனையும் சியாட்டிலையும் நான் இங்கே இழுத்துவர வேண்டியிருக்காது.

பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிற பிள்ளைகள் வீட்டைச் சுற்றி கேமரா மாட்டிவிட்டுப் போகிறார்கள். அம்மா விழுவதை அது படம் பிடிக்கும், நிறுத்தாது. கேமரா மாட்டுகிற அன்றைக்கே சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, அம்மாவை அதன்மேல் நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். காலையில் அளவெடுக்க வேண்டாம், பொழுது சாயச் சாயப் பாதம் சற்று வீங்கும். உட்காரவைத்தும் எடுக்க வேண்டாம், எடை இறங்கினால்தான் பாதம் முழுக்க விரியும். கடையில் அந்தத் தாளைக் கத்தரித்துச் செருப்பின்மேல் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் தாள் வெளியே நீட்டக் கூடாது. பின்வார் இருக்க வேண்டும், அது குனியாமல் மாட்டுகிற ஒட்டுப்பட்டியாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் அம்மா வாரை மடித்து மிதித்துக்கொண்டு நடப்பார். குதி அகலமாக, உயரம் ஓர் அங்குலத்துக்குள் இருக்கட்டும். அடியில் வரிகள் இருக்கட்டும். வாங்கி வந்து, வீட்டில் ஒரு தடவை எல்லாக் கட்டுக்கும் அவரோடு சேர்ந்து நடந்து, ஒவ்வொரு நிலைப்படியிலும் நின்று, ஒருமுறை திரும்பச் சொல்லிப் பாருங்கள். சரியாக இருந்தால், ஊக்கு குத்திய பழைய ஜோடியை அன்றைக்கே எடுத்துப்போய் எறிந்துவிடுங்கள். பின்கட்டுக்கு ஆகும் என்று அவர் கேட்பார். கொடுக்காதீர்கள்.